புகைப்படக் கலையில் ஆசானும் மாணவனும்

இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் ஒரு கோடியில் நின்று மறு கோடியை நோக்கி வியவாதவர் நம் மாவட்டத்தில் மிகச் சிலரே. அக்கோயிற் பிராகாரங்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 3,850 அடி என்பர். இன்று அந்தக் காட்சியைக் கைப்பேசியால் நொடிப்பொழுதில் படமாக்கிக்கொள்கிறோம். ஆனால், 1867, 1868ஆம் ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்துக்காகத் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்த காப்டன் எட்மண்ட் லயன் இப்பிராகாரத்துக்கு வந்த காலத்தில் நிலைமை வேறு. பாம்பன் இரயில் பாலம் 1914இல்தான் திறக்கப்பெற்றது. எனவே படகேறித்தான் தீவை அடைய வேண்டும். அந்நாளில் பெருக வழங்கிய முறைப்படி, கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அப்பொழுதே இருட்டில் வைத்துக் கழுவியும் ஆக வேண்டும். சற்றே தாமதித்தாலும் உழைப்பு முழுதும் வீண்.

இத்தகைய தொழிலை நூலறிவு கொண்டு மட்டும் ஒருவன் கற்றுவிட இயலுமா? அருகிருந்து காட்ட ஓர் ஆசான் வேண்டும். ஐயம் எழுந்தால் கலந்து பேச ஒத்த ஆர்வமுடையோர் கூட்டம் வேண்டும். நம் நாட்டில் இக்கலைக்குப் புதியவராய் வந்தவர்க்கு இவ்விரண்டும் எவ்வாறு கிடைத்தன? விடை காண நாம் சென்னைக்கு, அதுவும் லயனுக்குப் பத்தாண்டுகள் முற்பட்ட சென்னைக்குச் செல்ல வேண்டும்.

டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் அந்நகரில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. 1856இல் சென்னைப் புகைப்படச் சங்கமும் தோன்றியது. இத்தகைய சங்கங்களில் உறுப்பினர் தத்தம் படங்களைக் கொணர்ந்து காட்டுவர். பிறர் குறை கூறக் கேட்பர். மருந்துக் கலவையின் அளவுகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்வர்.

கம்பெனிப் படையில் அதிகாரியாயிருந்த லின்னேயஸ் ட்ரைப் இவ்வாறு வளர்ந்தவரே. 1853இல் இலண்டனில் புகைப்படச் சங்கம் அமைந்த ஆண்டிலேயே அதில் அவர் உறுப்பினரானார். மறு ஆண்டு மைசூர் நாட்டுக் கோயில்களைப் படமெடுத்து, 1855இல் சென்னைக் கண்காட்சியில் வைத்தார். அதே ஆண்டு பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவுடன் படமெடுக்க அனுப்பப்பட்டார். 1856இல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் பதவி அவரை வந்தடைந்தது. அவர் முதலில் வேலையைச் செய்தார்; அதனை அறிந்தோர் முன் வைத்தார்; பதவி பின்னரே வந்தது. இந்த வரிசையை மாணவர்கள் மறவாதிருத்தல் நன்று.

1857 டிசம்பரில் புறப்பட்ட ட்ரைப், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய இடங்களில் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இப்பணிகளுக்கிடையே அவரிடம் உதவியாளராக இருந்து பழகியவர் சி. ஐயாசாமி என்ற தமிழர்.

1859இல் சர் சார்லஸ் ட்ரெவெலியன் ஆளுநராக வந்தார். புகைப்படப் பணி வீண் ஆடம்பரம் என்பது அவர் கருத்து. அவருடைய ஆணையால் 1860இல் ட்ரைப்பின் வேலை முற்றிலும் நின்றது. நாடு முழுதும் படமெடுக்கக் கருதிய திட்டம் பாதியிலேயே முடிந்தது. ஆயினும் ஆசான் கற்பித்த கல்வியை எந்த ஆணையும் நிறுத்த இயலவில்லை. ஐயாசாமி பின்னர் ஹன்டரின் கலைப் பள்ளியில் புகைப்பட ஆசிரியரானார். ட்ரைப்பிடம் பெற்றதைத் தமிழ் மாணவர்க்கு வழங்கினார். பதவி அழிந்தது; பயிற்சி நிலைத்தது.

மீண்டும் நம் சேதுக் கரைக்கு வருவோம். லயன் எடுத்த படங்களும் தனியே நின்று புகழ் பெறவில்லை. அவற்றுக்கு அவர் எழுதிய விளக்கங்களை, கட்டிடக் கலை அறிஞர் ஜேம்ஸ் பெர்குசன் செப்பனிட்டு 1870இல் வெளிவரச் செய்தார். படமெடுத்தவர் கண்ணும் பொருளறிந்தவர் அறிவும் சேர்ந்தபோதே அவை வரலாற்றுச் சான்றாயின.

இக்கலையில் புதிதாக நுழைய விரும்பும் இளைஞன் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கது யாது? விலையுயர்ந்த கருவியைத் தேடுமுன் ஆசானைத் தேடுக. அவரிடம் வெறுங்கையோடு செல்லாது, தான் எடுத்த பத்துப் படங்களையேனும் கொண்டு செல்க. பெட்டி சுமக்கும் பணியையும் இழிவாகக் கருதாது செய்க. தன்னையொத்த ஆர்வலரோடு கூடிப் பழகித் தான் கற்றதை ஒளிக்காது கூறுக.

1964 டிசம்பரில் எழுந்த புயல் ஒரே இரவில் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வூர் வாழ்ந்த நாளின் தோற்றத்தைப் பின்வந்தோர் காண்பது பழைய படங்களால் அன்றோ? நம் கடற்கரையில் இன்று இருப்பன யாவும் நாளையும் இருக்கும் என்று உறுதி கூற யாரால் இயலும்? அவற்றைப் பதிந்து வைக்கும் கைகள் பழக வேண்டும். அக்கைகளைப் பழக்கும் ஆசான்மாரும் நம்மிடையே பெருக வேண்டும்.