ஓடைப் புறம்போக்கு

நீலகிரியில் வீடு வாங்க வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்து காட்சி எப்படி என்று பார்ப்பார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய் மேட்டைப் பார்ப்பேன். நில அளவைத் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்றது கண்ணில் படும்.

1880களில் இந்த மாவட்டத்தை வெள்ளைக்காரர்கள் வருவாய்க் கணக்குக்காக அளந்தார்கள். அந்த அளவையின் வழி வந்த புலப்படங்களில் ஓடை தனியாகக் குறித்திருக்கும். பதிவேட்டில் அதற்கு நேரே ‘ஓடைப் புறம்போக்கு’ என்று எழுதியிருக்கும். படத்தை எடுத்துக்கொண்டு மார்ச் மாதத்தில் அங்கே போனால் ஓடையைக் காணோம். புல் முளைத்த ஒரு பள்ளம், அதில் யாரோ போட்ட பீன்ஸ் பாத்தி. சில வருடம் கழித்துப் போனால் பாத்தி இருந்த இடத்தில் தகரக் கூரை. இன்னும் சில வருடத்தில் கான்கிரீட். படத்தில் மட்டும் ஓடை அப்படியே இருக்கும். நவம்பர் மழை நம் வீட்டு வரி ரசீதைப் பார்ப்பதில்லை, அந்தப் பழைய படத்தின்படிதான் இறங்கும்.

மலையில் வந்த அழிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மழை அளவிலிருந்து தொடங்குகிறார்கள். யார், எப்போது, எந்த இடத்தில் குடியமர்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு கிடைக்கும். எனக்குத் தெரிந்தது அந்த வரலாறுதான்.

தோடர்களின் குடியிருப்பான மந்துகளையும் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளையும் போய்ப் பாருங்கள். மந்து இருப்பது மேட்டுப் புல்வெளியில், சோலைக்கு ஓரமாக. தண்ணீர் பக்கத்தில் ஓடும், வீட்டுக்கு அடியில் ஓடாது. ஹட்டியின் வீடுகள் சரிவு குறைந்த மேட்டில் வரிசையாக நிற்கும். கீழே சதுப்பு காலியாகக் கிடக்கும், அல்லது மேய்ச்சலுக்கு விட்டிருப்பார்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் அளவைக்குப் போனபோது, ஊருக்கு நடுவே இவ்வளவு நல்ல இடத்தை ஏன் சும்மா விட்டிருக்கிறீர்கள் என்று பெரியவர் ஒருவரைக் கேட்டேன். “அங்க யாரும் வீடு கட்டமாட்டோம் அய்யா. தண்ணி போற வழி” என்றார். தண்ணீரைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்றேன். “எங்க தாத்தா பாத்திருக்காரு” என்றார்.

இதை வைத்து அவர்களுக்கு ஏதோ ஞானதிருஷ்டி இருந்ததாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆட்கள் கொஞ்சம், இடம் நிறைய. நல்ல இடமாகப் பார்த்து உட்கார முடிந்தது. மோசமான இடம் எது என்பதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போகவும் முடிந்தது. பின்னால் வந்தவர்களுக்கு இந்த இரண்டுமே வாய்க்கவில்லை.

1819இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் பங்களாக்கள் வந்தன, ஏரி வெட்டப்பட்டது. 1830களில் குன்னூர் வழியாகப் பாதை போட்டார்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. பாதை போடுவதென்றால் சரிவின் காலை வெட்டுவது. காலை வெட்டினால் மேலே இருக்கும் மண் இறங்கப் பார்க்கும். 1908இல் வெளியான டபிள்யூ. பிரான்சிஸின் நீலகிரி கெசட்டியரிலேயே குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்த சேதி இருக்கிறது. ரயில் பாதையைப் போட்டவர்களுக்கும் மலையின் குணம் தெரிந்துதான் இருந்தது. 46 கிலோமீட்டருக்குள் 250 பாலங்கள் கட்டியது எதற்காக? ஓடை ஒவ்வொன்றுக்கும் வழி விட்டாக வேண்டும் என்பதற்காக. இரும்புக்கும் இஞ்சினுக்கும் கொடுத்த அந்த மரியாதை ஆட்கள் தங்குமிடத்துக்குக் கிடைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தேயிலை வந்தது. பழைய தோட்டம் எதற்குள் போனாலும் ஒரே அமைப்பு. துரை பங்களா முகட்டில். நல்ல சரிவெல்லாம் செடிக்கு. தண்ணீர் எடுக்கச் சுலபம் என்று தொழிலாளர்களின் லைன் வீடுகள் பள்ளத்தில். பங்களாவிலிருந்து பார்த்தால் லைன் தெரியும்; லைனிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேலே நிற்கும் மண் தெரியும்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் பள்ளம்கூட முறையாகக் கிடைக்கவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கியதுதான் இன்றைய டேன்டீ, அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். அங்கே வேலை கிடைத்தவர்கள் லைனுக்குப் போனார்கள். கிடைக்காதவர்கள் காய்கறித் தோட்டத்திலும், கட்டட வேலையிலும், ரோட்டு வேலையிலும் சேர்ந்து, கண்ட இடத்தில் குடிசை போட்டார்கள். பட்டா நிலம் பழையவர்களிடம் இருந்தது. காடு வனத்துறையிடம். தேயிலை கம்பெனியிடம். மிச்சம் என்ன? செங்குத்துச் சரிவும் ஓடைப் புறம்போக்கும்.

குன்னூர்ப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் ஆக்கிரமிப்பு அளக்கப் போனேன். இலங்கையின் பதுளையில் பிறந்த ஒரு அம்மாள் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “யாரும் இல்லாத இடமாப் பாத்துக் குடிசை போட்டோம் தம்பி. யாரும் இல்லாததுக்கு ஒரு காரணம் இருந்திருக்குன்னு மழை வந்தப்பதான் தெரிஞ்சுது.” எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன். இந்த மாவட்டத்தின் பேரிடர் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1978 நவம்பரிலும் மறு வருடம் நவம்பரிலும் மலை பல இடங்களில் சரிந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வந்து ஆராய்ந்தது. எந்தச் சரிவு ஆபத்து, எது பரவாயில்லை என்று வரைபடம் போடும் வேலை அதன் பிறகுதான் சூடுபிடித்தது. 1990 அக்டோபரில் கெத்தை. 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம். அந்தச் சாலையே பெருந்தூரத்துக்கு அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. கேத்தி, அச்சனக்கல், குன்னூர் என்று சுற்றுவட்டாரமெல்லாம் இரவோடு இரவாக மண் இறங்கியது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை ரயில் மாதக் கணக்கில் ஓடவில்லை.

சரிவது பாறை இல்லை. அடியில் சார்னோகைட் கெட்டியாகத்தான் இருக்கிறது. அதன் மேல் காலங்காலமாக மக்கிய செம்மண் சில இடங்களில் பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்கு நிற்கிறது. நாள் கணக்கில் மழை பெய்தால் இந்த மண் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்தது வெளியேற வழி இருந்தால் பிழைத்தோம். ஓடையை மூடி, வாய்க்காலை அடைத்து, சாலைக்காகக் காலை வெட்டி, மேலே வீடு ஏற்றியிருந்தால் ஒரு கட்டத்தில் மண் கனம் தாங்காமல் பாறையை விட்டு நழுவும். ஊரில் இதை “மண்ணு இறங்கிருச்சு” என்பார்கள். பேருந்திலிருந்து ஒருவர் இறங்கியதைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். அவ்வளவு பழகிவிட்டது.

தீயின் கதையும் இதே கணக்கில் வருகிறது. முன்பு தோடர்கள் கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். எருமைக்கு இளம்புல் வேண்டும். அது ஆளுயரத்துக்குக்கூட எழாத தீ. புல்லோடு ஓடி, ஈரமான சோலையின் ஓரத்துக்கு வந்ததும் அணைந்துவிடும். 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றமாயிற்று. தடை போட்டவர்களின் ஆட்சியில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகை மரமும் மலையில் வேரூன்றின. முதலில் விறகுக்கு நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழும் தேவைப்பட்டன. தீயோடு வாழத் தெரிந்த புல்வெளி ஆயிரக்கணக்கான ஏக்கரில் போனது. எண்ணெய் நிறைந்த இலையும் உரிந்து தொங்கும் பட்டையும் கொண்ட காடு வந்தது. கீழே மசினகுடிப் பக்கம் வறண்ட காட்டில் உண்ணிச்செடி புதராக மண்டியது. அங்கே பற்றினால் புல்லோடு நிற்பதில்லை, மரத்தின் உச்சிவரை ஏறுகிறது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி புல்லைக் கருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீ. அதற்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டி முடித்திருக்க வேண்டும். தீ மூண்டால் பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைப்பவர்கள் பெரும்பாலும் காட்டோரத்துப் பழங்குடி இளைஞர்கள். தற்காலிகக் கூலிக்குத் தீக்காவலர்கள். தடை போட்ட சட்டம், அணைக்க மட்டும் அவர்களைத்தான் கூப்பிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்குப் பக்கம் காற்றும் மழையும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குப் பக்கம் மண்சரிவு; குன்னூர், கோத்தகிரி. மலையில் குடியிருப்பவனுக்குப் பஞ்சாங்கம் இதுதான்.

2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பக்கம் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆட்கள் போக முடியாத செங்குத்து. கடைசியில் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு கொட்டியது. ரேலியா குன்னூரின் குடிநீர். கோடையில் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் காட்டை நனைத்தோம். கவாத்துக் கழிவையும் களையையும் குவித்துக் கொளுத்துவதுதான் சுலபம் என்று தோட்டங்களில் இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறி சீகைக் காட்டுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றும் மிஞ்சாது. அடுத்த மழைக்கு அதுவே கீழே வரும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. 1993இல் வந்த கட்டட விதிகளை ஊரில் எல்லோரும் ‘மாஸ்டர் பிளான்’ என்பார்கள். வீட்டின் பரப்புக்கும் உயரத்துக்கும் அதில் வரம்பு வைத்தார்கள். நல்ல சட்டம். ஆனால் அது அனுமதி கேட்டு வருகிறவரைத்தான் கட்டுப்படுத்தும். பட்டாவே இல்லாதவர் என்ன அனுமதி கேட்பார்? கூடலூரில் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தும், அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் இருப்பவர்கள் இன்னும் பட்டாவுக்கு அலைகிறார்கள். சட்டத்தின் கண்ணில் இல்லாத வீட்டுக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. பணம் உள்ளவர் பொக்லைன் வைத்து மேட்டை வெட்டிவிட்டு அபராதத்தைக் கட்டிக்கொள்வார். இல்லாதவர் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார். மண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விழும்போது யார் கீழே இருப்பார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது சாலையோரச் சரிவில் இரும்புக் கம்பி இறக்கி, புல் விதை தெளித்து மண்ணைக் கட்டுகிறார்கள். கோடப்பமந்து பக்கம் போனால் பார்க்கலாம். நல்ல வேலைதான், சாலைக்கு. அந்தச் செலவில் குடியிருப்பைக் கட்டிக் காப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

மழையும் முன்போல இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. 2024 ஜூலை 30 அன்று பந்தலூருக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் ராத்திரியில் அடித்துப் போயின. 200க்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கேயும் ஆற்றோரம், தேயிலைத் தோட்டம், லைன் வீடுகள். செய்தியில் படம் பார்த்தபோது எங்கள் ஊர் எது, அவர்கள் ஊர் எது என்று பிரிக்க முடியவில்லை.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் மாவட்ட நிர்வாகம் ஒரு கணக்குச் சொல்கிறது: நீலகிரியில் 283 இடங்கள் அபாயப் பகுதிகள். மண்டலக் குழு போடுகிறார்கள், முகாமுக்குப் பள்ளிக்கூடங்களைத் தயார் செய்கிறார்கள். மழை விட்டதும் எல்லோரும் அதே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். மறு வருடமும் அதே 283.

பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கலம் சேர்க்க வேண்டும். அங்கே எத்தனை குடும்பம், எந்த வருடம் வந்தார்கள், அப்போது வேறு எங்கே போயிருக்க முடியும். முதல் இரண்டையும் ஒரு கிராம நிர்வாக அலுவலர் ஒரு வாரத்தில் நிரப்பிவிடுவார். மூன்றாவதை நேர்மையாக எழுதினால் பெரும்பாலான வரிகளில் ‘இடம் இல்லை’ என்றுதான் வரும். அப்படி வருகிற குடும்பங்களுக்குச் சரிவு குறைந்த இடத்தில் பட்டாவோடு மனை கொடுக்க நிலம் வேண்டும். நிலம் வனத்துறையிடம் இருக்கிறது, குத்தகை முடிந்த தோட்டங்களில் இருக்கிறது, டேன்டீயிடம் இருக்கிறது. மழையைக் குறைக்க யாராலும் முடியாது. 283ஐக் குறைக்க முடியும். அதற்கு முகாம் போதாது, மனை வேண்டும்.