பவளத்தை உடைக்காத பாதை

டஹிட்டிக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலில் வளையமாகக் கிடக்கிறது டெட்டியாரோவா. நடுவில் காயல், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குட்டித் தீவுகள், வெளியே பவளப்பாறை அரண். அந்த அரணில் கப்பல் நுழைய வழியில்லை. அலையின் போக்குப் பார்த்துச் சிறு படகைப் பாறைமேல் தாண்டவிட வேண்டும். கை தேர்ந்தவர்களுக்கே அது நெஞ்சு படபடக்கும் காரியம்.

ஒரு காலத்தில் இது டஹிட்டியின் பொமாரே அரச குடும்பத்தார் ஓய்வெடுத்த இடம். 1904இல் அவர்கள் இதைக் கனடாவைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்ற பல் மருத்துவருக்குக் கொடுத்தார்கள். பின்னர் தேங்காய் விளைச்சல்தான் இங்கே பிழைப்பு.

1960களின் தொடக்கத்தில் ‘மியூட்டினி ஆன் தி பவுண்டி’ படப்பிடிப்புக்காக டஹிட்டி வந்த நடிகர் மார்லன் பிராண்டோ டெட்டியாரோவாவிடம் மனதைப் பறிகொடுத்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதை வாங்கியும்விட்டார்.

ஆட்களும் பொருட்களும் வந்து சேர்வது எப்படி? வெடி வைத்துப் பாறையைப் பிளந்தால் கப்பலே உள்ளே வந்துவிடும். பிராண்டோ அதைச் செய்யவில்லை. ஓனேடாஹி என்னும் குட்டித்தீவில் சிறு விமான ஓடுபாதை அமைத்தார். பவள அரண் தப்பியது! அவர் எடுத்த முடிவுகளிலேயே உயர்ந்தது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஓடுபாதையை ஒட்டித் தென்னை மரத்தாலும் ஓலையாலும் எளிய குடில்கள் கொண்ட விடுதி எழுந்தது. கை கழுவும் தொட்டிகள்கூடப் பெரிய கடற்சிப்பிகள்தான். அந்த விடுதியை அவருடைய டஹிட்டிய மனைவி தாரிதா கவனித்துக்கொண்டார்.

2004இல் பிராண்டோ இறந்தார். 2014இல் அவர் பெயரிலேயே அங்கே சொகுசு விடுதி திறக்கப்பட்டது. டஹிட்டியிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால் சுமார் இருபது நிமிடம்; விருந்தினர்கள் வந்திறங்குவது அதே ஓனேடாஹியில்தான்.