கடைசிக் கம்பத்துக்குக் கம்பி இழுப்பது யார்?

கெடில நதிக்கரையில், பண்ருட்டியை ஒட்டியிருக்கும் திருவதிகையை, அப்பர் பெருமானின் சூலைநோய் தீர்ந்த தலமாக நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்தப் பக்கத்து வயல்களினூடே நடந்தால், எங்கேனும் ஒரு பம்பு செட்டுக்காகவே பத்துக் கம்பங்களைத் தாண்டி மின்கம்பி செல்வதைக் காணலாம். அப்பத்துக் கம்பங்களின் செலவை அந்த ஒற்றை மோட்டார் என்றைக்குத் திருப்பித் தரும்? இலாபக் கணக்குப் பார்க்கும் எந்த முதலாளியும் இக்கம்பியை இழுத்திருக்க மாட்டார். ஆயினும் கம்பி வந்திருக்கிறது. அது வந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

சென்னை நகருக்கு முதலில் மின்சாரம் வழங்கியது ஒரு தனியார் கம்பெனிதான். பேசின் பிரிட்ஜில் அதன் மின்நிலையம் இருந்தது. மற்றும் பல ஊர்களில் லைசென்ஸ் பெற்ற தனியார் கம்பெனிகள் இருந்தன. அவை நெருக்கமான தெருக்களை நாடியதில் வியப்பில்லை. நூறு அடிக் கம்பியில் பத்து வீடுகள் கிடைக்கும் இடத்தை விட்டு, ஒரு மைலுக்கு ஒரு வீடு இருக்கும் இடத்துக்கு யார் போவார்?

தொலைவுக்கு மின்சாரம் அனுப்புவதில் பௌதிகமும் குறுக்கிடுகிறது. 10 கிலோவாட் திறனை 200 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 50 ஆம்பியர். கம்பியின் தடை 1 ஓம் எனில், இழப்பு 50-இன் வர்க்கம், அதாவது 2,500 வாட். கால் பங்கு வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். அதே திறனை 10,000 வோல்ட்டில் அனுப்புங்கள். மின்னோட்டம் 1 ஆம்பியர், இழப்பு வெறும் 1 வாட்! ஆனால் உயர் அழுத்தத்துக்கு மின்மாற்றிகளும் கோபுரங்களும் வேண்டும். அவற்றுக்கு முதலில் பெரும்பணம் போட வேண்டும். வருமானமோ மெல்லத்தான் வரும்.

அப்பணத்தைப் போட்டது அரசு. பைக்காரா 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் மின்சாரம் தந்தன. அம்மின்சாரத்தைப் பல ஊர்களில் தனியார் கம்பெனிகள் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றன. அணை கட்டும் சுமை ஒருவருக்கு, தெருவில் வசூல் மற்றொருவருக்கு! நல்ல பங்கீடு என்று என்னால் சொல்ல இயலவில்லை.

1947-இல் சென்னைக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. மற்றக் கம்பெனிகளை எடுக்க 1949-இல் இயற்றிய சட்டம், மாகாணச் சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ராஜமுந்திரிக் கம்பெனி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் 1954-இல் செல்லாததாக்கப்பட்டது. அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்தது. 1957 ஜூலை முதல் நாள் மின்சார வாரியம் பிறந்தது. (இதற்கிடையில், 1953 ஏப்ரலில், சென்னையின் டிராம் கம்பெனி நொடித்துப்போய் வண்டிகளை ஒரேயடியாக நிறுத்திவிட்டது. கம்பெனிக்கு அது நஷ்டக் கணக்கின் முடிவு. பயணிகளுக்கோ வேலைக்குச் செல்லும் வழியே போயிற்று.)

நெய்வேலிக்கு வருவோம். திருவதிகையிலிருந்து அது தொலைவில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி. ஆனால் அதற்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. இரவு பகலாக இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளமே பெயர்ந்துவிடும். 1956-இல் மத்திய அரசு நிறுவனம் அமைத்தது. 1957-இல் தோண்டத் தொடங்கினார்கள். நிலக்கரியைத் தொட 1961 ஆயிற்று. முதல் மின் அலகு 1962-இல் ஓடியது. அதுவரை செலவுதான், வரவில்லை. அத்தனை காலம் காத்திருக்க அரசால் முடிந்தது. ஆனால் அரசு என்பதாலேயே எல்லாம் நியாயமாக நடந்ததென்று எண்ணிவிடாதீர்கள். நிலம் கொடுத்த கிராமங்களின் குறைகள் இன்றும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீதே இயந்திரங்களை ஓட்டிக் கால்வாய் வெட்டினார்கள்.

வாரியத்தின் கணக்கும் சுத்தமல்ல. கட்டண உயர்வை எதிர்த்து 1970-களில் உழவர்கள் நாராயணசாமி நாயுடு தலைமையில் போராடினர், உயிர்ப்பலியும் நேர்ந்தது. 1990-இல் எல்லா உழவர்க்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இன்று பம்பு செட்டுகள் 20 லட்சத்துக்கு மேல்; பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. இலவசமாகக் கொடுப்பது ஒரு முடிவு. எவ்வளவு கொடுத்தோம் என்று அளக்காமல் விடுவது வேறு. அளவீட்டைப் பாடமாக நடத்தும் எனக்கு அது பொறுக்கவில்லை.

நெய்வேலிப் பங்குகளில் 10 விழுக்காட்டை விற்க மத்திய அரசு 2006-இல் முனைந்தபோது, தொழிலாளர் வேலைநிறுத்தமும் மாநில எதிர்ப்பும் சேர்ந்து அதைத் தடுத்தன. 2013-இல் மீண்டும் விற்பனை வந்தபோது, தமிழக அரசின் ஐந்து நிறுவனங்களே 3.56 விழுக்காட்டை வாங்கிக்கொண்டன.

அதே நெய்வேலியில் 2002 முதல் 250 மெகாவாட் தனியார் மின்நிலையம் ஒன்றும் உண்டு. நிலக்கரி பொதுத்துறைச் சுரங்கத்தினுடையது. மின்சாரத்தை வாங்க ஒப்பந்தமிட்டது மின்சார வாரியம். இத்தகைய ஒப்பந்தங்களில் கட்டணம் இரு பகுதி. ஒன்று எரிபொருளுக்கு, மற்றது போட்ட முதலுக்கு. நிலையம் தயாராக நின்றால் போதும், மின்சாரத்தை வாங்காத நாளுக்கும் இரண்டாவது பகுதியைக் கொடுத்தாக வேண்டும். திருவதிகை வயலில் அந்தப் பத்தாவது கம்பம் சாய்ந்தால் நிமிர்த்த வேண்டியதும் வாரியத்தின் பணியாளர்தாம்.