போடி மலையடிவாரத்தில் தொலைக்காட்சி: நேயர், நடுவர், வீடு

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த அலைவரிசை எப்போது தொடங்கியது, யார் நடத்தினார்கள், எந்தத் தொடர் புகழ்பெற்றது என்பவை பதிவாகியுள்ளன. பார்த்தவர்கள் அவற்றை எப்படி எடைபோட்டார்கள் என்பது அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, திரையில் ஓடுவதைக் குறை சொல்லியும் மெச்சியும் பார்ப்பது தமிழ் வீடுகளில் தொலைக்காட்சி அளவுக்கே பழைய பழக்கம். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளும் இப்பழக்கத்தைப் பார்க்க ஏற்ற இடங்கள். ஒரு பொருளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பது இங்கே ஆயிரக்கணக்கானோரின் அன்றாடத் தொழில்.

மலையும் அலையும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் ஒளிபரப்பு முதல் சில ஆண்டுகளில் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை, மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். தென்மாவட்டங்களுக்கு இதற்கான விடையும் மலையாகவே அமைந்தது. கொடைக்கானல் மலைமேல் அமைந்த தூர்தர்ஷன் ஒளிபரப்பி பெரியகுளம், தேனி, போடி சமவெளிக்கு நேர்மேலே, ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்தது. மலையடிவார ஊர்களில் மாடிக்கு மாடி அலுமினிய ஆன்டெனாக்கள் கொடைக்கானலைப் பார்த்து நின்றன.

போடிமெட்டுக்கு அப்பால் நிலைமை வேறு. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கடந்தால் வருவது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 1956 மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் சேர்ந்தன. தோட்டங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் பலர். மலைமுகடுகளின் மறைவில் இருந்த குடியிருப்புகளுக்குத் தரைவழி ஒளிபரப்பு தெளிவாகக் கிடைப்பது இடத்தைப் பொறுத்தது. வீடுகள் சிதறிக் கிடந்ததால் கேபிள் கம்பி இழுப்பதும் கட்டுப்படியாகாது. 2003க்குப் பின் வந்த டி.டி.எச். குடைதான் இங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரே வீட்டில் சன் டி.வி.யும் ஏஷ்யாநெட்டும் மாறி மாறி ஓடுவது சரிவுகளின் இயல்பானது.

எல்லா வீட்டிலும் பெட்டி இல்லாத காலத்தில் பார்ப்பது கூட்டுச் செயல். ஊராட்சி கட்டிய ‘டி.வி. ரூம்’ தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலாக இருந்தது. சிறு அறை, கம்பிக் கதவு போட்ட பெட்டிக்குள் தொலைக்காட்சி, வெளியே தரையில் கூட்டம். 1987 ஜனவரி முதல் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பான ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரை இந்தி தெரியாதவர்களும் பார்த்தார்கள். கதை தெரிந்திருந்ததால் மொழி தடையாகவில்லை, விமர்சனத்துக்கும் அதுவே வசதி. போடி ஜமீன் அரண்மனையில் ராமாயணக் காட்சிகள் சுவரோவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. தெரிந்த கதையைப் படத்தில் பார்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிடும் பார்வை இவ்வூருக்குத் தொலைக்காட்சி கற்றுத் தந்ததல்ல.

2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. டி.வி. ரூம்கள் அத்துடன் வெறிச்சோடின. பார்ப்பதும் பேசுவதும் வீட்டுக்குள் வந்தன.

கடிதம் எழுதிய நேயர்

தூர்தர்ஷன் காலத்து நேயருக்கு நிலையத்துடன் பேச ஒரே வழி அஞ்சல் அட்டை. 1984 ஜூலை 7 அன்று தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடருக்கு ஏறத்தாழ 4 லட்சம் கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நேயர்களிடம் நேரடியாகப் பேசினார். ‘சுரபி’ நிகழ்ச்சியின் வினாக்களுக்கு வந்த அட்டைகளின் குவியல் அஞ்சல் துறையே போட்டிகளுக்கெனத் தனி அஞ்சலட்டை வெளியிடும் அளவுக்குப் போனது.

சென்னைத் தொலைக்காட்சியில் இதற்கு இணையானது ‘எதிரொலி’. நேயர் கடிதங்களைப் படித்து, நிலையத்தின் சார்பில் பதில் சொல்லும் நிகழ்ச்சி இது. இயக்குநர் ஏ. நடராஜன் கடிதங்களுக்குப் பதிலளித்த விதம் பலருக்கு இன்றும் நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் பழைய பாட்டு ஏன் போடவில்லை என்பது தொடங்கி, நாடகத்தில் நடித்தவரின் உச்சரிப்பு வரை எதைப் பற்றியும் நேயர் எழுதலாம்.

இக்கடிதங்களின் தொனி கவனிக்கத் தக்கது. எழுதியவர் தன்னை வாடிக்கையாளராகக் கருதவில்லை. அரசு அலுவலகத்துக்கு மனுப் போடும் குடிமகனின் தொனி ஒருபுறம், பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டிக்கும் உரிமை மறுபுறம். நிலையம் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற எண்ணம் அதில் இருந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கி, தனியார் அலைவரிசைகள் பெருகியபோது இந்த எண்ணம் மெல்லத் தேய்ந்தது. பிடிக்காவிட்டால் ரிமோட்டை அழுத்தி வேறு இடத்துக்குப் போகலாம், பதில் கேட்க வேண்டியதில்லை. இதைச் சுதந்திரம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

திரைக்குள் வந்த நடுவர்

ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’, பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ ஆகிய தொடக்ககாலப் போட்டிகளில் மையமாக நின்றது பாட்டு. நடுவரின் ஆளுமையோ போட்டியாளரின் கண்ணீரோ பெரிதாகக் காட்டப்படவில்லை. ‘பாட்டுக்குப் பாட்டு’ இலங்கை வானொலியிலிருந்து வந்த வடிவம் என்பதால் காதால் கேட்பதே அதில் முதன்மை.

2005 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் இது மாறியது. விஜய் டி.வி.யின் ‘கலக்கப் போவது யாரு’, ‘சூப்பர் சிங்கர்’, ‘ஜோடி நம்பர் ஒன்’, கலைஞர் டி.வி.யின் ‘மானாட மயிலாட’ ஆகியவை அடுத்தடுத்து வந்தன. இவற்றில் நடுவர் மேடையின் இன்னொரு நட்சத்திரம். தீர்ப்பு சொல்வதே ஒரு நிகழ்ச்சி. கூடவே எஸ்.எம்.எஸ். வாக்கும் வந்தது.

இதன் முக்கியமான விளைவு சொற்களில் நிகழ்ந்தது. ‘மானாட மயிலாட’ நிகழ்ச்சியில் நடன இயக்குநர் கலா பயன்படுத்திய ‘கெமிஸ்ட்ரி’ என்ற சொல் தமிழ்நாட்டின் தெருப்பேச்சில் கலந்தது. பள்ளியில் வேதியியல் படிக்காதவர்களும் இருவர் ஆட்டத்தில் கெமிஸ்ட்ரி போதவில்லை என்று சொல்லத் தொடங்கினர். மலையாளத்தில் ஏஷ்யாநெட்டின் ‘ஐடியா ஸ்டார் சிங்கர்’ மூலம் ‘சங்கதி’ என்ற இசைச் சொல் அதேபோல் வீட்டுக்கு வீடு பரவியது. இருமொழியும் புழங்கும் ஏலமலைச் சரிவுகளுக்கு இரண்டு சொற்களும் வந்து சேர்ந்தன. எதிரொலிக்கு எழுதியவர் தன் சொந்தச் சொற்களில் குறை சொன்னார். இப்போதைய நேயர் நடுவரின் சொல்லை வாங்கி, அதே நடுவரை அதால் திருப்பி அடிக்கலாம். சுதியும் சங்கதியும் தெரிந்த நேயர் முன்பு இருந்ததில்லை என்பதல்ல. அவற்றைப் பேசுவது இசைச் சபைக்காரர்களின் தனியுரிமையாக இருந்தது, அந்த உரிமை உடைந்தது.

வாக்குரிமையால் விமர்சனம் விதிகளின் பக்கமும் திரும்பியது. 2016ஆம் ஆண்டின் ‘சூப்பர் சிங்கர்’ வெற்றியாளர் ஏற்கெனவே திரைப்படங்களில் பாடியவர் என்பது தெரிந்ததும் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. அவர் நன்றாகப் பாடினாரா என்பது அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. புதியவர்களுக்கான மேடை என்று நம்பியே வாக்களித்தோம் என்பதுதான் நேயர்களின் வாதம். ஏமாற்றம் என்பதைவிட ஒப்பந்த மீறல் என்று அதை அவர்கள் பார்த்தார்கள் எனலாம்.

வீட்டைப் போட்டிக்கு வைப்பது

பாட்டு, நடனம், சமையல் ஆகியவற்றில் நிலைபெற்ற போட்டி வடிவம் வீட்டு உள்அலங்காரத்தில் தமிழில் அந்த அளவு வேரூன்றவில்லை. ஆங்கில உலகில் அது பெரிய வகைமை. 1996இல் பி.பி.சி. தொடங்கிய ‘சேஞ்சிங் ரூம்ஸ்’ நிகழ்ச்சியில் அண்டை வீட்டார் இருவர் சாவிகளை மாற்றிக்கொண்டு, வடிவமைப்பாளர் துணையுடன் ஒருவர் வீட்டு அறையை மற்றவர் இரண்டு நாளில், 500 பவுண்டு செலவில் மாற்றி அமைத்தனர். கண்ணைத் திறக்கச் சொல்லும்போது வீட்டுக்காரர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியோ அதிர்ச்சியோதான் நிகழ்ச்சியின் உயிர். ஒரு பெண்மணி ஆசையாகச் சேர்த்த பழைய தேநீர்க் கெண்டிகளை வைத்திருந்த தொங்கு அலமாரி இற்று விழுந்து, அவை நொறுங்கிய பகுதி இன்றும் பேசப்படுகிறது. 2000இல் அமெரிக்காவில் ‘டிரேடிங் ஸ்பேசஸ்’ இதே வடிவத்தில் வந்தது.

2003இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘தி பிளாக்’ வேறு வகை. நான்கு இணையர் ஆளுக்கொரு அடுக்ககத்தைப் புதுப்பிக்கிறார்கள். கடைசியில் அவை ஏலத்தில் விற்கப்படுகின்றன. அடிப்படை விலைக்கு மேல் கிடைக்கும் தொகை அவர்களுடையது. வாரந்தோறும் நடுவர்கள் எத்தனை சொன்னாலும் இறுதித் தீர்ப்பு ஏலம் கேட்பவரிடம். 2019இல் பி.பி.சி. தொடங்கிய ‘இன்டீரியர் டிசைன் மாஸ்டர்ஸ்’ இதற்கு எதிர்த்துருவம். அங்கே மிஷெல் ஓகுண்டெஹின் என்ற நடுவரின் கண்ணே அளவுகோல். நெட்பிளிக்ஸ் வழியாக அது இந்தியாவிலும் பார்க்கக் கிடைத்தது.

இவ்வகைப் போட்டி தமிழில் வேர்விடாததற்குச் செலவு மட்டும் காரணமல்ல. அடுத்த வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, பூஜை மாடத்தையும் அடுப்பங்கரையையும் மாற்றச் சொல்லும் குடும்பம் எளிதில் கிடைக்காது. வாஸ்து குறுக்கே வரும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே உரிமையாளர் அனுமதி வேண்டும். தமிழ் வீட்டில் போட்டிக்கு வருபவை மீண்டும் கலைக்கக்கூடியவை: மார்கழிக் கோலம், நவராத்திரிக் கொலு. மயிலாப்பூர் மாட வீதியில் ஆண்டுதோறும் நடக்கும் கோலப் போட்டியில் நடுவர் பார்த்து முடித்த சிறிது நேரத்தில் கோலம் அழிந்துவிடுகிறது. வீடு அப்படியே இருக்கிறது.

ஆனால் பாட்டுப் போட்டியில் நடுவருக்கு இருக்கும் மேலாண்மை வீட்டுப் போட்டியில் இல்லை. சுதி விலகியது எல்லாருக்கும் கேட்காது. அடுப்புக்கு மேல் புகை போக வழியில்லை, துணி காயப்போட இடமில்லை, வெள்ளைச் சோபா மழைக்காலத்தில் பூசணம் பூக்கும் என்பவை வீட்டில் வேலை செய்யும் எவருக்கும் பார்த்தவுடன் தெரியும். திரையில் நடுவர் நிறப் பொருத்தம் பேசும்போது நேயர் பெருக்குவதையும் துடைப்பதையும் நினைக்கிறார். இந்த வகைமையின் மீது வைக்கத்தக்க மிக வலுவான விமர்சனம் இதுவே: குடியிருப்பவர் ஒரு மழைக்காலம் வாழ்ந்த பிறகு கேமரா அங்கே திரும்பி வருவது அரிது.

ஏலத்தில் பழகிய கண்

போடிநாயக்கனூரின் கிட்டங்கிகளில் பெண்கள் ஏலக்காயைக் கையால் தரம் பிரிக்கிறார்கள். வெடித்தது, நிறம் வெளுத்தது, பூச்சி துளைத்தது, பருமன் குறைந்தது எல்லாம் தனித்தனியாக விழும். நல்ல பச்சை நிறமும் 8 மில்லிமீட்டர் பருமனும் ஒரு லிட்டர் அளவில் நிற்கும் எடையும் விலையைத் தீர்மானிக்கின்றன. இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திரையில் பதித்திருப்பார்கள். திரையில் குவியலின் எண்ணும் ஏறும் விலையும் மட்டும் ஓடும். காய்க்கும் விற்பனைக்கும் தமிழில் ‘ஏலம்’ என்று ஒரே சொல் அமைந்தது தற்செயல். முன்னது ‘ஏலா’ என்ற வடசொல்லுடன் தொடர்புடையது, பின்னது போர்த்துகீசியர் விட்டுச்சென்றது.

‘தி பிளாக்’ நிகழ்ச்சியின் ஏலக் காட்சி போடிக்காரருக்கு விளக்க வேண்டிய ஒன்றல்ல. ஒரு வேறுபாடு உண்டு. காயைப் பிரித்த பெண்ணின் கண் திறமைக்குக் கிடைப்பது நாட்கூலி. விலை ஏறினால் அவருக்குப் பங்கில்லை.

வீடு விஷயத்திலும் யாருடைய அளவுகோல் என்ற கேள்வி சரிவுகளில் கூர்மையானது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் குடியிருப்பு அமைத்துப் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. 1981 திருத்தத்துக்குப் பின் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஏலத் தோட்டங்களும் அதன் வரம்புக்குள் இருந்தன. ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகள் இப்படி அமைந்தவை. அவற்றின் அளவையும் தரத்தையும் விதிகள் சொன்னன, குடியிருப்பவர் சொல்லவில்லை. சுவரை இடிப்பதோ அறையைக் கூட்டுவதோ அவர் கையில் இல்லை. வேலை போனால் வீடும் போகும். சிறு தோட்டங்கள் பல சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றன.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, மாலையில் இறங்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். வளைவுகளில் விபத்து நேர்வதும் புதிதல்ல. இருந்தும் மேலே தங்காமல் தினமும் இறங்கி வருபவர்களுக்குக் கீழே பிள்ளைகளின் பள்ளியும் குடும்ப அட்டையும் சொந்தக் கூரையும் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்குப் போட்டி நிகழ்ச்சி ஓடுவது அந்தக் கூரையின் கீழேதான்.