லிமக்ஸ்

லிமக்ஸ் என்பது ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தலைநகரான மியூனிக்கின் மாநகராட்சி, தன் அலுவலகக் கணினிகளை மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்திலிருந்தும் மைக்ரோசாப்ட் ஆபிஸ் மென்பொருளிலிருந்தும் லினக்ஸ் இயங்குதளத்திற்கும் பிற திறந்த மூல மென்பொருள்களுக்கும் மாற்றிக்கொள்ள மேற்கொண்ட திட்டத்தின் பெயராகும். இத்திட்டத்திற்காக உருவாக்கப்பட்ட லினக்ஸ் வழங்கலும் இதே பெயரால் அழைக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் கொள்கை அளவில் ஏற்கப்பட்ட இத்திட்டம் 2013 ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2017 ஆம் ஆண்டில் மாநகர மன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. ஒரு பெருநகரின் நிர்வாகம் தனியுரிம மென்பொருளைக் கைவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதும், பின் அம்முடிவை மாற்றிக்கொண்டதும் இத்திட்டத்தை உலக அளவில் விவாதிக்கப்படும் எடுத்துக்காட்டாக ஆக்கியுள்ளன.

பெயர்

லினக்ஸ் என்னும் சொல்லையும் மியூனிக் நகரின் ஜெர்மன் பெயரான முன்ஷென் என்பதையும் இணைத்து லிமக்ஸ் என்ற பெயர் உருவாக்கப்பட்டது. லினக்ஸின் சின்னமான டக்ஸ் என்னும் பென்குயின், மியூனிக் நகரச் சின்னத்தில் உள்ள சிறு துறவியின் உடையை அணிந்திருப்பது போன்ற படம் திட்டத்தின் இலச்சினையாகப் பயன்படுத்தப்பட்டது.

பின்னணி

2000களின் தொடக்கத்தில் மியூனிக் மாநகராட்சியில் ஏறத்தாழ 16,000 பணியாளர்கள் சுமார் 14,000 கணினிகளைப் பயன்படுத்தி வந்தனர். இக்கணினிகளில் விண்டோஸ் என்டி 4.0 இயங்குதளமும் மைக்ரோசாப்ட் ஆபிஸ் 97 மென்பொருளும் நிறுவப்பட்டிருந்தன. அவை நன்றாகவே இயங்கி வந்தபோதிலும், என்டி 4.0 இயங்குதளத்திற்கான ஆதரவை நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. ஆதரவு நிறுத்தப்பட்டால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கா. புதிய வன்பொருளும் அந்த இயங்குதளத்தில் இயங்காமல் போகும். ஆகவே எந்த மென்பொருளுக்காவது மாறியே தீர வேண்டிய நிலை நகராட்சிக்கு ஏற்பட்டது.

எப்போது மாற வேண்டும் என்பதைத் தாம் முடிவு செய்ய இயலாமல், மென்பொருளை விற்ற நிறுவனமே முடிவு செய்வது சரியா என்ற கேள்வி இதனால் எழுந்தது. ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் இந்நிலையிலிருந்து விடுபடுவதே லிமக்ஸ் திட்டத்தின் முதன்மை நோக்கமாக அமைந்தது. செலவைக் குறைப்பது இரண்டாவது நோக்கமாகவே கருதப்பட்டது.

மாநகர மன்றத்தின் முடிவு

மாற்று வழிகளை ஒப்பிட்டு ஆராயும் பொறுப்பு யூனிலாக் என்னும் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மியூனிக் லினக்ஸுக்கு மாறக்கூடும் என்ற செய்தி பரவியதும், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் 2003 மார்ச்சில் தன் விடுமுறையை இடைநிறுத்தி மியூனிக் வந்து, நகர மேயர் கிறிஸ்தியான் ஊடேயைச் சந்தித்தார். மைக்ரோசாப்ட் தன் விலையையும் குறைத்து வழங்க முன்வந்தது. அவ்விலை லினக்ஸுக்கான மதிப்பீட்டை விடக் குறைவாக இருந்தது. ஆயினும் 2003 மே 28 அன்று மாநகர மன்றம் லினக்ஸுக்கு மாறுவதைக் கொள்கை அளவில் ஏற்றது. விரிவான திட்டம் வகுக்கப்பட்ட பின், 2004 ஜூன் 16 அன்று இறுதி ஒப்புதல் வழங்கப்பட்டது.

காப்புரிமைச் சிக்கல்

2004 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மென்பொருள் காப்புரிமை தொடர்பான ஒரு சட்ட முன்வரைவைப் பரிசீலித்து வந்தது. அது நிறைவேறினால் லினக்ஸில் உள்ள சில கூறுகளுக்குப் பிற நிறுவனங்கள் உரிமை கோரலாம் என்ற ஐயம் எழுந்ததால், அவ்வாண்டு ஆகஸ்டில் ஒப்பந்தப் புள்ளி கோரும் பணி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. சட்ட ஆலோசனைக்குப் பின் பணி தொடர்ந்தது. 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் அச்சட்ட முன்வரைவை நிராகரித்தது.

செயலாக்கம்

அனைத்துக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றாமல், படிப்படியாக மாற்றும் முறை பின்பற்றப்பட்டது. முதலில் விண்டோஸ் கணினிகளிலேயே ஓப்பன் ஆபிஸ், பயர்பாக்ஸ், தண்டர்பேர்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் நிறுவப்பட்டன. பணியாளர்கள் அவற்றுக்குப் பழகிய பின் இயங்குதளம் மாற்றப்பட்டது. பயன்பாட்டு மென்பொருள்கள் முன்பே பழக்கமானவையாக இருந்தமையால், இயங்குதள மாற்றத்தினால் ஏற்படும் தடுமாற்றம் குறையும் என்பது இம்முறையின் அடிப்படையாகும்.

2005 ஆம் ஆண்டில் டெபியன் வழங்கலை அடிப்படையாகக் கொண்ட தீர்வு தேர்ந்தெடுக்கப்பட்டு, சாப்ட்கான், கோனிகஸ் ஆகிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. முதல் லிமக்ஸ் கணினிகள் 2006 செப்டம்பரில் பயன்பாட்டிற்கு வந்தன. பிற்காலப் பதிப்புகள் உபுண்டு வழங்கலை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டன.

கணினிகளில் 80 விழுக்காட்டை, அதாவது சுமார் 12,000 கணினிகளை மாற்றுவதே இலக்காக இருந்தது. 2013 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 15,500 கணினிகளில் 14,800க்கும் மேற்பட்டவை லிமக்ஸுக்கு மாற்றப்பட்டிருந்தன. லினக்ஸில் இயங்காத சில சிறப்பு மென்பொருள்களுக்காக எஞ்சியவை விண்டோஸிலேயே விடப்பட்டன. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் ஆதரவுக் காலம் 2014 ஏப்ரலில் முடிவடையவிருந்த நிலையில், பழைய கணினி வைத்திருக்கும் பொதுமக்களுக்காக லுபுண்டு இயங்குதளம் அடங்கிய இறுவட்டுகள் நகர நூலகங்கள் வாயிலாக இலவசமாக வழங்கப்பட்டன.

பயன்படுத்தப்பட்ட மென்பொருள்கள்

- இயங்குதளம்: முதலில் டெபியன், பின்னர் உபுண்டு
- பணிமேடைச் சூழல்: கேடிஈ
- அலுவலக மென்பொருள்: ஓப்பன் ஆபிஸ், பின்னர் லிப்ரே ஆபிஸ்
- இணைய உலாவி: மொசில்லா பயர்பாக்ஸ்
- மின்னஞ்சல்: மொசில்லா தண்டர்பேர்ட்
- கணினிகளைத் தொலைவிலிருந்து நிறுவி நிர்வகித்தல்: ஃபாய், கோசா
- படிவங்களும் வார்ப்புருக்களும்: வால்மக்ஸ்

இவற்றுள் வால்மக்ஸ் மாநகராட்சியே உருவாக்கிய மென்பொருளாகும். இது 2008 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியப் பொது உரிமத்தின் கீழ் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது.

இடர்ப்பாடுகள்

இயங்குதளத்தை மாற்றுவதை விட, அதைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருந்தவற்றை மாற்றுவதே கடினமான பணியாக இருந்தது. நகராட்சியின் பல்வேறு துறைகளில் ஆயிரக்கணக்கான ஆவண வார்ப்புருக்கள் இருந்தன. பலவற்றுள் மேக்ரோ எனப்படும் சிறு நிரல்கள் பொதிக்கப்பட்டிருந்தன. அவை மைக்ரோசாப்ட் ஆபிஸில் மட்டுமே இயங்கக் கூடியவை. எடுத்துக்காட்டாக, ஒரு துறை அனுப்பும் கடிதத்தில் அலுவலரின் பெயர், பதவி, அறை எண் முதலியவற்றைத் தானாக நிரப்பும் வார்ப்புரு, ஆபிஸ் மென்பொருளை நீக்கியவுடன் பயனற்றதாகிவிடும். இத்தகையவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, ஒருமைப்படுத்தி, மீண்டும் எழுத வேண்டியிருந்தது. வால்மக்ஸ் இத்தேவையிலிருந்தே பிறந்தது.

மாநகராட்சியின் கணினிப் பிரிவுகள் இருபதுக்கும் மேற்பட்டனவாகச் சிதறிக் கிடந்தது மற்றொரு இடர்ப்பாடாகும். ஒவ்வொரு பிரிவும் தனக்கென வேறுபட்ட அமைப்புகளையும் நடைமுறைகளையும் கொண்டிருந்தது. எங்கெங்கு என்னென்ன மென்பொருள் பயன்படுகிறது என்ற முழுமையான பட்டியலே தொடக்கத்தில் இல்லை. இதனால் திட்டம் முதலில் கருதியதை விடப் பல ஆண்டுகள் கூடுதலாக நீடித்தது.

பிற அரசு அலுவலகங்களுடன் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்வதும் சிக்கலாக இருந்தது. திறந்த ஆவண வடிவம் 2006 ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட போதிலும், மாநகராட்சிக்கு வெளியிலிருந்து வந்த கோப்புகளில் பெரும்பாலானவை மைக்ரோசாப்ட் வடிவங்களிலேயே இருந்தன. அவற்றைத் திறக்கும்போது பக்க அமைப்பு குலைவது பணியாளர்களின் பொதுவான குறைபாடாக இருந்தது.

செலவு பற்றிய விவாதம்

2012 நவம்பரில் மாநகராட்சி வெளியிட்ட கணக்கின்படி, லிமக்ஸ் திட்டத்திற்கு ஏறத்தாழ 2.3 கோடி யூரோ செலவானது. அதே காலத்தில் விண்டோஸையும் மைக்ரோசாப்ட் ஆபிஸையும் புதுப்பித்திருந்தால் சுமார் 3.4 கோடி யூரோ செலவாகியிருக்கும் என்றும், இதனால் ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சமானது என்றும் மாநகராட்சி கூறியது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்காக எச்பி நிறுவனம் தயாரித்த ஓர் ஆய்வு இதை மறுத்து, லினக்ஸே கூடுதல் செலவு வைத்தது என்று 2013 ஆம் ஆண்டில் வாதிட்டது. அவ்வாய்வு விண்டோஸின் பழைய பதிப்பை ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொண்டது என்று மாநகராட்சி மறுமொழி அளித்தது. உரிமக் கட்டணத்தைக் கணக்கிடுவது எளிது. ஆனால் பயிற்சி, வார்ப்புரு மாற்றம், பணியாளர் நேரம் ஆகியவற்றில் எவற்றைத் திட்டச் செலவாகக் கொள்வது என்பதைப் பொறுத்து முடிவு வேறுபடும். இக்காரணத்தால் இவ்விவாதம் தீர்வு காணவில்லை.

விண்டோஸுக்குத் திரும்புதல்

2014 ஆம் ஆண்டில் கிறிஸ்தியான் ஊடேயின் பதவிக்காலம் முடிந்து, டீட்டர் ரைட்டர் மேயரானார். லிமக்ஸ் குறித்துப் பணியாளர்களிடமிருந்து குறைகள் வருவதாகப் புதிய நிர்வாகம் தெரிவித்தது. கைபேசியில் மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் பெறுவதில் உள்ள சிரமம் அவற்றுள் ஒன்றாகும். இதற்குத் தீர்வாக, மாநகராட்சியின் சொந்த வழங்கிகளில் இயங்கும் கோலாப் என்னும் கட்டற்ற மென்பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

நகராட்சியின் கணினித் துறையை ஆராய்ந்த அக்சென்சர் நிறுவனத்தின் அறிக்கை 2016 ஆம் ஆண்டில் வெளியானது. பழைய பதிப்புகள் தொடர்ந்து பயன்பாட்டில் இருப்பதையும் பணியாளர்களின் அதிருப்தியையும் அது சுட்டியது. அதேவேளையில், சிக்கல்களின் முதன்மைக் காரணம் கணினிப் பிரிவுகளின் சிதறிய நிர்வாக அமைப்பே என்றும் கூறியது. லினக்ஸை முற்றிலும் நீக்குமாறு அவ்வறிக்கை பரிந்துரைக்கவில்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வழங்கி, துறைகளே தேர்ந்துகொள்ள விடலாம் என்றது.

2017 பிப்ரவரி 15 அன்று, விண்டோஸுக்கு மாறுவதற்கான திட்டத்தை வகுக்குமாறு மாநகர மன்றம் பணித்தது. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று இறுதி முடிவு எடுக்கப்பட்டது. விண்டோஸ் 10 இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, ஏறத்தாழ 29,000 கணினிகளுக்கு ஒரே வகையான பணியிட அமைப்பை உருவாக்க 5 கோடி யூரோ அளவிலான செலவு மதிப்பிடப்பட்டது.

காரணங்கள் குறித்த கருத்துகள்

இம்முடிவுக்கான காரணம் குறித்து இரு வேறு கருத்துகள் உள்ளன. இரண்டு இயங்குதளங்களை ஒருங்கே பராமரிப்பது வீண் செலவு என்றும், சிறப்பு மென்பொருள் தயாரிப்போர் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதுகின்றனர் என்றும் ஆதரவாளர்கள் வாதிட்டனர். லிமக்ஸில் பெரிய தொழில்நுட்பக் குறைபாடு ஏதும் இல்லை என்று மாநகராட்சியின் கணினிச் சேவைப் பிரிவின் தலைமையே 2017 ஆம் ஆண்டில் கூறியதை எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டினர். வழங்கிக் கோளாறு, கைபேசி அமைப்பு, தாமதமான பராமரிப்பு போன்ற இயங்குதளத்துடன் தொடர்பற்ற குறைகளும் லினக்ஸின் மேல் சுமத்தப்பட்டன என்பது அவர்கள் கருத்தாகும்.

மைக்ரோசாப்டின் ஜெர்மன் தலைமையகம் 2016 ஆம் ஆண்டில் அண்டை ஊரான உன்டர்ஷ்லைஸ்ஹைமிலிருந்து மியூனிக் நகருக்குள் இடம்பெயர்ந்ததையும் விமர்சகர்கள் சுட்டினர். எனினும் இவ்விரண்டிற்கும் தொடர்பு இருந்ததாக நிறுவப்படவில்லை.

பிற்கால நிகழ்வுகள்

2020 ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், பசுமைக் கட்சியும் சமூக மக்களாட்சிக் கட்சியும் மியூனிக்கில் செய்துகொண்ட கூட்டணி உடன்பாட்டில், தொழில்நுட்ப அளவிலும் நிதி அளவிலும் இயலும் இடங்களில் திறந்த தரங்களுக்கும் திறந்த மூல மென்பொருளுக்கும் முன்னுரிமை அளிக்கப்படும் என்று கூறப்பட்டது. பொதுப் பணத்தில் எழுதப்படும் மென்பொருளின் மூலநிரல் பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையும் அதில் இடம்பெற்றது. எனினும் இது பணியாளர் கணினிகளை மீண்டும் லினக்ஸுக்கு மாற்றும் திட்டமாக அமையவில்லை.

ஒப்பிடத்தக்க பிற முயற்சிகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட வீனக்ஸ் வழங்கல் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஜெர்மனியின் பிரைபர்க் நகரம் ஓப்பன் ஆபிஸிலிருந்து மைக்ரோசாப்ட் ஆபிஸுக்குத் திரும்ப 2012 ஆம் ஆண்டில் முடிவு செய்தது. மாறாக, பிரான்சின் தேசிய காவற்படையான ஜாந்தார்மரி 2005 ஆம் ஆண்டில் ஓப்பன் ஆபிஸில் தொடங்கி, 2008 முதல் உபுண்டுவுக்கு மாறி, பல பத்தாயிரம் கணினிகளில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறது.

ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், சுமார் 30,000 பணியிடங்களில் லிப்ரே ஆபிஸைப் பொது மென்பொருளாக்க 2024 ஏப்ரலில் முடிவு செய்தது. மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச், அவுட்லுக் ஆகியவற்றிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்ட் ஆகியவற்றுக்கு 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மாற்றும் பணியை அம்மாநிலம் 2025 அக்டோபரில் முடித்தது. கோப்புகளைப் பகிர நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளையும் அது தேர்ந்தெடுத்துள்ளது. மியூனிக்கைப் போலவே அங்கும் அலுவலக மென்பொருளும் மின்னஞ்சலும் முதலிலும், இயங்குதளம் அதன் பின்னரும் மாற்றத் திட்டமிடப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- கட்டற்ற மென்பொருள்
- திறந்த ஆவண வடிவம்
- லிப்ரே ஆபிஸ்
- டெபியன்
- உபுண்டு
- நெக்ஸ்ட்கிளவுட்