ஸ்கேன் இல்லை, மூளை டாக்டர் இல்லை... எல்லையில் தலையில் அடிபட்ட வீரரைக் காப்பாற்றுவது எப்படி?

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் துப்பாக்கி வெடிக்கவில்லை. கல், கட்டை, இரும்புக் கம்பிதான் ஆயுதம். இந்தியா இழந்த 20 வீரர்களில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். படுகாயத்தோடு கடும் குளிரிலும் சிக்கிய 17 பேர் உயிரிழந்ததாக மறுநாள் ராணுவம் அறிவித்தது. காயமடைந்தவர்களுக்கு லே ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது.

அவ்வளவு தூரம் கொண்டு போகும்வரை, தலையில் பலமாக அடிபட்டவரை எப்படிக் காப்பாற்றுவாங்க?

இரண்டாவது அடி

அடி விழுந்த நொடியில் ஏற்படும் சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. அடுத்த சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்தாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ மூளைக்கு இரண்டாவது சேதம் வரும். அதைத் தடுக்கலாம். மேல் ரத்த அழுத்தம் ஒருமுறை 90-க்குக் கீழே போனாலே இறப்பு ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 14,000 அடி உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜனும் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான்.

கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

* முதலில் ரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சுப்பாதையைச் சரிசெய்து, ஆக்சிஜன் கொடுக்கணும்.
* நினைவு நிலையை 3 முதல் 15 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பாங்க. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் மூச்சுக்குழாய் தேவைப்படும்.
* ஸ்கேனுக்குப் பதில் டார்ச் லைட். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்கணும்.
* தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைக்கணும்.
* அழுத்தம் குறைக்க அடர் உப்புக் கரைசல் ஏற்றலாம். மானிடால் மருந்து குளிரில் படிகமாகிவிடும்; ரத்தம் இழந்தவருக்கு அழுத்தத்தை இன்னும் இறக்கும்.
* ஸ்டீராய்டு கூடாது. 10,008 பேரிடம் நடந்த 'கிராஷ்' ஆய்வில் அது இறப்பை அதிகரித்தது.

நமக்கு எதுக்கு இது?

செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வருகிறவர்களுக்கும் இதே விதிதான். விபத்தைப் பார்த்தால் 108-க்கு போன் பண்ணுங்க. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்க. மண்டை ஓடு உடைந்தது போலத் தெரிந்தால் அழுத்தாமல் துணியால் மூடினால் போதும். தண்ணீர் கொடுக்காதீங்க. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீங்க. வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடலைச் சேர்த்தே ஒருபக்கமாகத் திருப்புங்க.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

முதல் அடியை நாம் தடுக்க முடியாமல் போகலாம். இரண்டாவது அடியைத் தடுக்க, பக்கத்தில் நிற்பவராலும் முடியும்.