ஒன்பது மில்லியன் சூனியக்காரிகள்

1975ஆம் ஆண்டு. லொஸ் ஏஞ்சல்ஸின் வெனிஸ் பகுதியில மெழுகுதிரியும் புத்தகமும் விற்கிற ஒரு சின்னக் கடை. அங்க டாரோட் சீட்டுப் பார்க்க வந்த பெண் உண்மையில சிவில் உடுப்புப் பொலிஸ். குறி சொன்ன குற்றத்துக்காகக் கடைக்காரி ஸூஸானா புடாபெஸ்ட் கைதானார், வழக்கிலும் தோற்றார். 1985இல்தான் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இப்படியான நகரச் சட்டமொன்றைப் பேச்சுரிமைக்கு எதிரானது எண்டு தள்ளியது.

1956 எழுச்சிக்குப் பிறகு ஹங்கேரியை விட்டு வெளியேறியவர் அவர். 1971இல் பெண்கள் மட்டும் கூடுகிற சூனியக்காரிகள் வட்டமொன்றைத் தொடங்கி, பெண் வாக்குரிமைப் போராளி சூசன் பி. அந்தோனியின் பெயரை வைத்தார். அங்கே ஆண் கடவுள் இல்லை, தேவி மட்டும்தான்.

எங்களுக்கு உறுத்தினது வேற இடம். ஐரோப்பாவில் ஒன்பது மில்லியன் பெண்கள் சூனியக்காரிகள் எண்டு கொல்லப்பட்டதாக இந்த இயக்கத்தில் பலர் நம்பினார்கள். அது 18ஆம் நூற்றாண்டு ஜேர்மன்காரர் ஒருவரின் பிழையான கணக்கு. வழக்கேடுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 வரை. அதில ஆண்களும் உண்டு. கொல்லப்பட்டவர்கள் கிறிஸ்தவத்துக்கு முந்திய மதமொன்றைக் காத்தவர்கள் என்ற மார்கரெட் மரேயின் 1921 வாதமும் நிக்கேல்ல. பெரும்பாலானோர் சாதாரண கிறிஸ்தவர்கள். அயலவரே காட்டிக்கொடுத்தவர்களும் நிறையப் பேர்.

ஐம்பதாயிரம் போதாதா? (இதை வாசிச்ச அண்டு எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம்.)

2012இல் சான் ஹோசேயில் நடந்த மாநாட்டில் புடாபெஸ்டின் சடங்குக்குத் திருநங்கைகளுக்கு அனுமதியில்லை. கதவுக்கு வெளியே பலர் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள்.